ஆஃப் என்று காட்டிய டைமர்

கீசர் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எனக்குப் போன் செய்யும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். டைமர் போட்டால் பில் எவ்வளவு குறையும்? மேலே ஃபோம் சுற்றினால் எவ்வளவு குறையும்? வீட்டுக்காரரிடம் எவ்வளவு என்று துணிந்து சொல்லலாம்? நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பென்னலூரில் என் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே உங்கள் போனை எடுப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு நான் பிடிகொடுக்காமல் பேசுவதாக உங்களில் ஒருவர் நம் சர்வீஸ் கடையில் குறைபட்டுக்கொண்டாராம். அவர் சொன்னது சரிதான். குறையும் என்று சொல்வேன். எவ்வளவு என்று சொல்ல மாட்டேன். குறையாவிட்டால் யார் காரணம் என்று மட்டும் வாயைத் திறக்கவே மாட்டேன். வல்லம் வடகால் பக்கம் ஒரு மாடி வீட்டில் எனக்கு நேர்ந்ததை எழுதினால் உங்களுக்கு விளங்கும்.

அதற்கு முன்னால் இரண்டு வரி. கீசரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்தால், உள்ளே தண்ணீர் ஆறும், மிஷின் மறுபடி சுடவைக்கும், மறுபடி ஆறும், மறுபடி சுடவைக்கும். யாரும் குளிக்காமலே கரண்ட் போய்க்கொண்டிருக்கும். டைமர் அந்த மறதிக்கு மருந்து. ஃபோம், தண்ணீர் ஆறுவதைத் தள்ளிப்போடும். இவ்வளவுதான் விஷயம். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அதனால்தான் நமக்கு அலட்சியம் வருகிறது.

அந்த வீடு கிரேசியம்மாவுடையது. கணவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். வீட்டைப் பார்த்துக்கொள்வது முழுக்க அந்த அம்மாதான். கீழே அவர்கள் குடும்பம். மாடியில் இரண்டு ரூம், பொதுவாக ஒரு பாத்ரூம். அங்கே தெற்கிலிருந்து வந்த நான்கு பெண்கள் குடியிருந்தார்கள். கார்களுக்கு வயரிங் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் நால்வருக்கும் வேலை, நால்வருக்கும் ஒரே ஷிப்ட். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு என்று மாறிக்கொண்டே இருக்கும். கரண்டுக்கும் சேர்த்துத்தான் வாடகை. அதனால் கீசர் எவ்வளவு ஓடினாலும் பில் கிரேசியம்மா தலையில்தான் விழும்.

கீசர் சுவிட்ச் பாத்ரூமின் வெளிச்சுவரில் இருந்தது. பெண்கள் ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அணைக்காமல் போனால், கிரேசியம்மா படியேறிப் போய் அணைத்துவிட்டு வருவார். அவருக்கு முட்டிவலி. ஒருநாள் கடைக்கே வந்து, தன்னால் இனிமேல் ஏற முடியாது, ஏதாவது வழி செய்யுங்கள் என்றார். நான்தான் டைமரும் ஃபோமும் சொன்னேன்.

தீபாவளி கழிந்த வாரம் வேலையை முடித்தேன். இருபத்தைந்து லிட்டர் பழைய கீசர், வெளிக்கூடு தகரம், கை வைத்தால் சுடும். உள்தொட்டி நன்றாக இருந்ததால் மாற்றச் சொல்லவில்லை. சூட்டின் அளவைக் கொஞ்சம் இறக்கிவைத்தேன். ஏ.சி. பைப்பில் சுற்றுவார்களே, அந்தக் கறுப்பு ஃபோம் ஷீட்டை உடம்பு முழுக்கச் சுற்றி, வெள்ளி டேப் ஒட்டினேன். வெந்நீர் வரும் பைப்புக்கும் சுற்றினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கீசரின் முகத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டல்லவா, தண்ணீர் சூடாகும்போது எரியுமே, அதற்கு மட்டும் ஒரு ஓட்டை வெட்டினால் அழகு கெடும் என்று அதையும் சேர்த்து மூடிவிட்டேன்.

அடுத்தது டைமர். விடியற்காலையில் அரை மணி, முற்பகலில் அரை மணி என்று வைத்தேன். எந்த ஷிப்டாக இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்று அவர்களுக்கு ஒத்துவரும். இங்கேதான் நான் செய்த பெரிய தவறு. சின்ன டைமர் உத்தரவு போடுகிற ஆள்தான், பாரம் தூக்குகிற ஆள் இல்லை. கீசர் இழுக்கிற கரண்டைத் தினமும் தாங்குவதற்கு அதனோடு கான்டாக்டர் என்கிற இன்னொரு கனமான சுவிட்சையும் வைக்க வேண்டும். எனக்கு அது நன்றாகவே தெரியும். அன்று கடையில் கான்டாக்டர் ஸ்டாக் இல்லை. மறுநாள் வந்து வைக்கலாம் என்றால் இன்னொரு முறை வண்டியை எடுக்க வேண்டும். டைமர் மேலேயே பதினாறு ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறதே, தாங்கும் என்று நேராக மாட்டிவிட்டு வந்தேன். தெரியாமல் செய்தது என்றால் இதை எழுதவே மாட்டேன். தெரிந்தே செய்தேன்.

முதல் பில் நன்றாகக் குறைந்தது. கிரேசியம்மா போன் செய்து சொன்னார். சர்ச்சில் இரண்டு பேரிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்தது. வாலாஜாபாத்தில்கூட எனக்கு வேலை பிடித்துக் கொடுத்தார். அங்கே ஒரு வீட்டில் கீழே கீசர், மாடியில் குளியலறை. ஒரு பக்கெட் பச்சைத்தண்ணீர் ஓடின பிறகுதான் வெந்நீர் வரும். பைப்புக்கு ஃபோம் சுற்றிக் கொடுத்தேன். அவர்கள் எனக்கு ஒரு கூடை கத்தரிக்காய் கொடுத்தனுப்பினார்கள். அந்த நாட்களில் யாராவது எவ்வளவு குறையும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பாதிக்குப் பாதி என்பேன்.

இரண்டாவது பில் வந்தது. டைமர் இல்லாத காலத்தில் வந்ததைவிட அதிகம். கிரேசியம்மா போனில் பேசிய குரலே வேறாக இருந்தது.

அன்று எனக்கு ஒரகடத்தில் இன்னும் இரண்டு வீடு பாக்கி. அவசரமாகப் போனேன். மாடிக்கு ஏறி டைமரைப் பார்த்தேன். மணி சரியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் வைத்த நேரங்கள் அப்படியே இருந்தன. ஸ்கிரீனில் ஆஃப் என்று காட்டியது. பட்டனை அமுக்கினேன், ஆன் என்று வந்தது. மறுபடி அமுக்கினேன், ஆஃப் என்று வந்தது. பெட்டியைத் திறக்கவில்லை. கரண்ட் போகிறதா என்று சோதிக்கிற மீட்டரைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை. கீழே இறங்கி வந்தேன். கிரேசியம்மா வாசலில் நின்றிருந்தார்.

"டைமர் நல்லாத்தாம்மா இருக்கு. யாரோ கையால ஆன் பண்ணிக்கினு இருக்காங்க."

அப்படிச் சொன்னேன். சொல்ல இரண்டு விநாடிகூட ஆகவில்லை. ஒரகடம் போகும் வழியில் அதை மறந்தும்விட்டேன்.

நான்கு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை, தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன் வந்தது. மாடியில் குடியிருக்கும் முத்துச்செல்வி பேசுவதாகச் சொன்னாள். கீசரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து நம்பர் எடுத்தாளாம். இன்றைக்கே வந்து ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டாள். ஞாயிறு லீவு, நாளைக்கு வருகிறேன் என்றேன்.

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன் அண்ணாச்சி. சாயங்காலம் பஸ்ஸு. ஊருக்கே போறேன்" என்றாள்.

போனேன். இரக்கப்பட்டுப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் எரிச்சலோடுதான் போனேன். இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவன் பார்த்துச் சொன்னதை ஒரு வாடகைக்காரப் பெண் சந்தேகப்படுகிறாளே என்ற எரிச்சல்.

கிரேசியம்மா வீட்டில் எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருந்தார்கள். செல்வி மாடிப்படியின் மேல்படியில் நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் ஜிப் போட்ட பெரிய பை ஒன்று. அங்கே வைத்து அவள் சொன்ன பிறகுதான் நான்கு நாளில் நடந்தது எனக்குத் தெரிந்தது. நான் சொல்லிவிட்டுப் போன அன்றே கிரேசியம்மா முட்டிவலியையும் பொருட்படுத்தாமல் மாடியேறி வந்து கேட்டிருக்கிறார். யாரும் தொடவில்லை என்று நால்வரும் சொல்லியிருக்கிறார்கள். ரிப்பேர்காரரே பார்த்துச் சொல்லிவிட்டார், இன்னும் ஏன் பொய் என்று கேட்டிருக்கிறார். ரூமை எடுத்தவள் செல்வி. அவள் அப்பாதான் முதலில் போனில் பேசி வீட்டைப் பிடித்தவர். அதனால் அவருக்கே போன் போட்டு, உங்கள் மகள் வாய் கூசாமல் பொய் சொல்கிறாள், மாதம் முடிந்ததும் காலி செய்யச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்பா சங்கரன்கோவில் பக்கம் தறி ஓட்டுகிறவர். மகளை இவ்வளவு தூரம் அனுப்புவது வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னபோது, அவர் ஒருவர்தான் அனுப்பியவர். இப்போது அவரே வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று சொல்லிவிட்டாராம். ரூம் போனால் வேறு ரூம் பார்க்கலாம். பேர் போன பிறகு அங்கே இருக்க வேண்டாம் என்றாராம்.

இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள். சொல்லிவிட்டு என்னை டைமர் பக்கம் கூட்டிப்போனாள். டைமரின் பட்டன்கள்மேல் கம்பெனியில் பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, டேப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டுவைத்திருந்தாள். பிரித்து மறுபடி ஒட்டினால் கோடு விலகிவிடும். அந்தக் கம்பெனியில் அவள் செய்வது செக்கிங் வேலை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வியாழக்கிழமையிலிருந்து டேப் பிரியவில்லை, யாரும் தொடவில்லை, ஆனால் மதியம் மூன்று மணிக்கும் வெந்நீர் வருகிறது என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஃபோம் சுற்றியிருக்கிறதம்மா, காலையில் காய்ந்த தண்ணீர் மதியம் வரைக்கும் ஆறாது, அதற்குத்தானே சுற்றியிருக்கிறது என்று விளக்கினேன்.

"நாங்களும் மொதல்ல அப்படித்தான் நெனச்சோம் அண்ணாச்சி. அதான் நேத்து மத்தியானம் கீசர் தண்ணி பூராத்தையும் தொறந்து விட்டேன். பச்சத்தண்ணி வார வரைக்கும் விட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா அந்தப் பச்சத்தண்ணியும் கொதிக்குது. போர்வை போத்தினா பச்சத்தண்ணி சூடாகுமா?"

ஸ்கிரீன் ஆஃப் என்றுதானே காட்டுகிறது என்று முனகினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"எங்க லைன்ல ஸ்கிரீன்ல ஓகேன்னு வந்தாலும் மீட்டர் வச்சுப் பாத்துட்டுத்தான் சீல் போடுவோம். நீங்க அன்னைக்கு மீட்டர் வச்சுப் பாத்தியளா?"

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கத்தியை எடுத்து, நான் அழகாகச் சுற்றிய ஃபோமில், விளக்கு இருக்கும் இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தேன். உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டேப் ஒட்டிய டைமரின் ஸ்கிரீன் ஆஃப் என்று காட்டிக்கொண்டிருந்தது. நான் ஸ்டூலிலிருந்து இறங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். கீழே அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்பதுதான் காரணம்.

மெயினை அணைத்துவிட்டு டைமரைக் கழற்றினேன். பின்பக்கம் பழுப்பேறிப்போயிருந்தது. கருகின வாடை. மீட்டரை வைத்தால், ஆஃப் நிலையிலேயே பீப் என்று விடாமல் கத்தியது. உள்ளே கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற இரண்டு முனைகளும் உருகி ஒன்றாக ஒட்டிவிட்டிருந்தன. பாரம் தாங்காமல் ஒட்டியது. டைமர் தன் பாட்டுக்கு ஆன், ஆஃப் என்று மாற்றி மாற்றிக் காட்டியிருக்கிறது. கீசரோ இரவு பகலாக ஓடியிருக்கிறது. முன்பாவது கிரேசியம்மா படியேறி வந்து அணைப்பார். டைமரை நம்பி அதையும் நிறுத்திவிட்டார். விளக்கு தெரிந்திருந்தால் நான்கு பெண்களில் ஒருத்தியாவது முதல் வாரமே கேட்டிருப்பாள். அதையும் நான் மூடிவைத்திருந்தேன்.

செல்வி அந்தக் கருகிய பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அப்போ நாங்க தொடலன்னு தெரிஞ்சிருச்சுல்ல என்று மட்டும் கேட்டாள். தெரிஞ்சிருச்சும்மா என்றேன். அவள் முகம் தெளிந்தது. அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பெட்டி கெட்டுவிட்டது, அவ்வளவுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் அவளை அப்படியே நினைக்க விட்டேன்.

பத்து நிமிடத்தில் கிரேசியம்மா சர்ச்சிலிருந்து வந்தார். நான் கீழே போய் டைமரைக் காட்டினேன். டைமர் கெட்டுப்போயிடுச்சும்மா, உள்ள ஒட்டிக்கிச்சு, அதான் பில் ஏறியிருக்கு என்றேன். பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உண்மை முழுவதையும் சொல்லவும் இல்லை. இதோடு பெண்கள்மேல் இருந்த பழி போய்விடும், என் பேரும் தப்பிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

கிரேசியம்மா டைமரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாடிப் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"கெடாம இன்னாண்ணா பண்ணும்? நாலு பேரும் நேரங்காலம் இல்லாம அமுக்கிக்கினே இருந்தா கெட்டுத்தான் போவும்."

செல்வி படியில் பாதி இறங்கி வந்திருந்தாள். அதைக் கேட்டாள். அவள் திரும்பி மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

நம் தொழிலில் நெருக்கடி என்றால் தீ, ஷாக், தொட்டி வெடிப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். அவற்றில் என்ன செய்வது என்பது நமக்குத் தெரியும். மெயினை அணை, தள்ளி நில். எனக்கு நேர்ந்த பெரிய நெருக்கடி அந்த வாசலில், கையில் செத்துப்போன ஒரு டைமரோடு நின்ற அந்த அரை நிமிடம்தான். பாதி உண்மையைச் சொன்னால், கேட்கிறவர் மீதிப் பாதியைத் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார். கிரேசியம்மா அதைத்தான் செய்தார். அதற்கு இடம் விட்டவன் நான். என்னை நம்பி வாலாஜாபாத் வரைக்கும் வேலை பிடித்துக் கொடுத்தவர் அவர். கடை முதலாளி காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பதும் மனதில் ஓடியது.

"அந்தப் பொண்ணுங்க தொடவே இல்லம்மா" என்றேன். "இதுகூட இன்னொரு சாமான் வெக்கணும். நான் வெக்கல. தெரிஞ்சேதான் வெக்காம வுட்டேன். எரியிற லைட்டையும் நாந்தான் மூடி வெச்சேன். அன்னிக்குப் பொட்டியத் தொறக்காமலே அவங்க மேல சொல்லிட்டுப் போயிட்டேன். தப்பு பூரா என்னுதும்மா."

கிரேசியம்மா கையிலிருந்த பைபிளை வாசல் நாற்காலியில் வைத்தார். பிறகு அந்த நாற்காலியின் ஓரத்திலேயே உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

"அந்தப் பொண்ணோட அப்பாகிட்ட நான் எப்படிப் பேசினேன் தெரியுமாண்ணா? உங்க வார்த்தைய வெச்சுத்தானே பேசினேன்."

செல்வி அப்போதுதான் கீழே இறங்கி வந்தாள். கிரேசியம்மாவைத் தாண்டி என்னிடம்தான் வந்தாள். இப்போது சொன்னதை அப்படியே தன் அப்பாவிடம் போனில் சொல்ல முடியுமா என்று கேட்டாள். தான் சொன்னால், வேலையில் இருப்பதற்காகச் சொல்வதாகத்தான் நினைப்பார் என்றாள். கிரேசியம்மா தன் போனிலேயே நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இரண்டு முறை போட்டோம். தறி ஓடினால் சத்தத்தில் கேட்காது, கையை ஒழித்துக்கொண்டு அவரே கூப்பிடுவார் என்று செல்வி சொன்னாள்.

அவர் கூப்பிடும் வரை சும்மா நிற்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. பென்னலூருக்கு வண்டியை விட்டு, என் வீட்டு மோட்டாருக்காக வாங்கி வைத்திருந்த கான்டாக்டரை எடுத்து வந்தேன். வீட்டிலிருந்த வேறொரு டைமரும் கொண்டுவந்தேன். இரண்டையும் முறைப்படி மாட்டினேன். விளக்கு இருந்த இடத்தில் ஃபோமில் வெட்டிய சதுரத்தை அப்படியே விட்டு, ஓரத்தை மட்டும் டேப்பால் அடைத்தேன். மீட்டரை வைத்து ஆன், ஆஃப் இரண்டையும் பார்த்தேன். செல்வி பக்கத்தில் நின்று அவளும் பார்த்தாள். கீழே கிரேசியம்மா சமைத்துக்கொண்டிருக்கும் வாசனை வந்தது. ஒரு பாத்திரத்தில் சோறும் குழம்பும் போட்டு, மெல்ல மெல்லப் படியேறிக் கொண்டுவந்து, செல்வியின் ரூம் வாசலில் வைத்துவிட்டுப் போனார். மன்னிப்பு என்று அவர் வாயால் கேட்டு நான் பார்க்கவில்லை. அந்த முட்டியோடு அவர் அன்று இரண்டு முறை படியேறினார். சோறு ஒரு முறை, ஆறிவிடுமே என்று ரசம் இன்னொரு முறை.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த பில் குறைந்தது, அதற்கடுத்ததும் குறைந்தது. டைமரில் நேரம் வைக்கும் பொறுப்பைக் கிரேசியம்மா பெண்களிடமே கொடுத்துவிட்டார். ஷிப்ட் மாறும் வாரம் அவர்களே அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். நான் மறுநாள் கடை முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். முகத்தைச் சுளித்தார், கான்டாக்டர் இல்லாமல் இனி ஒரு டைமரும் வெளியே போகக் கூடாது என்று சொன்னார், அதோடு விட்டார். அதற்கு முன்னால் நான் அவசரத்தில் இதேபோல் மாட்டியிருந்த மூன்று வீடுகளை நினைவுபடுத்திக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே போய்ச் சரிசெய்தேன். கிரேசியம்மா சர்ச்சில் என்னைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. தப்பு செய்தால் அவரே வந்து சொல்லிவிடுவார் என்று சொல்லித்தான் அதற்குப் பிறகு ஆள் அனுப்பினார். வேலையில் இருந்த கடைசி வருடங்களில் நான் நிம்மதியாகத் தூங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றைக்கு யோசித்தாலும் அந்த வேலை எனக்குக் குறை வைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாய்ந்து, நான் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது கிரேசியம்மாவின் போன் அடித்தது. அவர் கீழேயிருந்து கூப்பிட்டார். நான் இறங்கிப் போய் வாங்கினேன். செல்வி எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

நான் யார் என்று சொன்னேன். கரண்ட் வேலை செய்கிறவன், அன்றைக்கு உங்கள் மகள்மேல் பழி சொன்னது நான்தான், அது என் தவறு, அவள் பொய் சொல்லவில்லை என்றேன். என்ன தவறு என்பதையும் சொன்னேன். மறுபக்கத்தில் தறிச் சத்தம் இல்லை. வெளியே வந்து நின்று பேசியிருப்பார் போல.

"அவ பொய் சொல்ல மாட்டான்னு எனக்குத் தெரியும் சார்" என்றார். "ஆனா இம்புட்டுத் தூரத்துல கெடக்கா. வீட்டுக்காரங்களே சொல்லும்போது நான் இல்லைன்னு சண்டை போட்டா, அங்க அவளை யாரு பாத்துக்குவா? அதான் வந்துரும்மான்னு சொன்னேன்."

வீட்டம்மாவுக்கும் இப்போது எல்லாம் தெரியும், பக்கத்தில்தான் இருக்கிறார்கள், நீங்கள் பேசுங்கள் என்றேன். கிரேசியம்மா அவசரமாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். பிறகு அவரே கையை நீட்டி வாங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, பொண்ண இங்கியே வெச்சிக்கிறேன், நான் பாத்துக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். செல்வி சுவரில் சாய்ந்துகொண்டாள். காலையிலிருந்து அழாதவள் அப்போதுதான் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

அவள் அப்பா டிக்கெட்டைக் கேன்சல் செய்யச் சொல்லிவிடுங்கள் என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, வேறொன்று கேட்டார்.

"பனியில நின்னு வேலைக்குப் போற பிள்ள. குளிக்கச் சுடுதண்ணி வருதுல்லா சார்?"

வருகிறது என்று அங்கே நின்றபடியே சொல்லியிருக்கலாம். மாட்டியவன் நான், மீட்டர் வைத்துப் பார்த்தவனும் நான். ஒரு நிமிஷம் இருங்க என்று சொல்லிவிட்டுப் போனோடு மாடியேறினேன். தண்ணீர் காய்ந்து முடித்து விளக்கு அணைந்திருந்தது. குழாயைத் திறந்து கையை நீட்டினேன். முதலில் பச்சையாக வந்தது, பிறகு வெதுவெதுப்பாக வந்தது, பிறகு கையை எடுக்கும்படி சுட்டது.

"வருதுங்க" என்றேன்.